அடிப்பக்கம்

சுங்கை மெலுட் ஆலையில்
செம்பனைக் குலை கொட்டும் ரேம்புக்கு மேலே
மார்ச் மாதம் ஒரு கண்ணை மாட்டினார்கள்.
அதற்குப் பெயர் வைக்கப் போட்டி நடந்தது,
முதல் பரிசு ரைஸ் குக்கர்.
நான் எதுவும் எழுதிப் போடவில்லை.

பழம் எது காய் எது என்று
அதற்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.
பதினோராயிரம் படங்கள்.
மதியச் சோற்றுக்குப் பிறகு ஏர்கோன் அறையில்,
யுகேந்திரன் என்கிற பையன் பக்கத்தில் உட்கார்ந்து
கொட்டாவி விட,
பழுத்தது, பழுக்காதது, அழுகியது என்று
ஒவ்வொன்றாய் அழுத்தினேன்.
படத்துக்கு நாலு சென்.
மொத்தம் நானூற்று நாற்பது வெள்ளி.
பல் கட்டிக்கொண்டேன்.
அதன் படிப்புச் சம்பளம்
என் கடைவாயில் இருக்கிறது.

கோப்பிக்கடையில் இது தீராத வழக்கு.
தனபாக்கியம் சொல்கிறாள்:
"இன்னைக்குக் கண்ணு, நாளைக்குக் கை.
அடுத்த வருஷம் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிக் கடிதம் வரும், பாரு."
லோரிக்கார அர்ச்சுனன் மேசையைத் தட்டுகிறார்:
"பழைய கிரேடர் காலத்துல
லோடுக்கு ஒரு பாக்கெட் சிகரெட்,
எண்ணெய்க் காசு பத்து வெள்ளி.
குடுக்காதவன் குலையெல்லாம் காய்.
இந்தக் கண்ணுக்கு வாய் இல்ல, சட்டைப்பையும் இல்ல.
எனக்கு அது போதும்."
பாக் ஜமால் தலையாட்டுகிறார்.
மூன்று ஏக்கர்காரர்,
எதற்கும் லேசில் தலையாட்டாதவர்.

அந்தப் பழைய கிரேடர் என் புருஷன்.
வீட்டில் ரிமோட்டோடு உட்கார்ந்திருக்கிறார்.
அந்தப் பத்துப் பத்து வெள்ளியில்
என் மகள் ஐந்து வருஷம் டியூஷன் போனாள்.
கடையில் யாரும் என் பக்கம் திரும்பவில்லை.
தே தாரேயை ஆற்றிக்கொண்டே இருந்தேன்,
ஆறிய பிறகும்.

அவர்கள் யாரும் பேசாதது ஒன்று உண்டு.
குலை எந்தப் பக்கம் படுத்துக் கிடக்கிறதோ
அந்தப் பக்கம்.
பழம் உதிர்ந்த குழிகள் சிலசமயம்
அங்கேதான் ஒளிந்திருக்கும்.
பத்துக் குழி இருந்தால் பழுத்தது.
ரேம்பில் நான் கொக்கியால் புரட்டிப் பார்ப்பேன்.
படத்தைப் புரட்ட முடியாதே.
"தெரியவில்லை" என்பதற்கு ஒரு பொத்தான் கேட்டேன்.
"அப்படி ஒண்ணு இல்லக்கா,
ஏதாவது ஒண்ண அழுத்துங்க" என்றான்.
அழுத்தினேன்.
ஊகம், நாலு சென்.
அதைத்தான் இப்போது அது
தொண்ணூற்று நாலு சதவீதம் உறுதி என்கிறது.

வியாழக்கிழமை நல்ல மழை.
பாக் ஜமாலின் லோடு.
திரையில் முப்பத்தொரு சிவப்புச் சதுரம்.
நனைந்த குலை கறுத்துக் காட்டும்,
கண்ணுக்கு அது காய்.
என் வேலை இப்போது கையெழுத்து மட்டும்.
கொக்கி ஸ்டோருக்குப் போய் இரண்டு மாதம்.
குடையை மடக்கி, அதன் முனையால் புரட்டினேன்,
முதுகு பிடித்துக்கொள்ளும் வரை.
பத்தொன்பது பழம்.
பன்னிரண்டு நிஜமாகவே காய்.

பத்தொன்பதைத் திருத்தியதும்
ரசீதில் அச்சானது:
மனிதத் தலையீடு, பத்தொன்பது.
மாதக் கடைசியில் இதற்கு விளக்கம் கேட்பார்கள்.

பன்னிரண்டு என்று கேட்டதும்
பாக் ஜமாலின் முகம் சுருங்கியது.
முப்பத்தொன்றையும் மீட்டுத் தருவேன் என்று
நம்பியிருப்பார் போல.
"முன்பெல்லாம்..." என்று ஆரம்பித்தார்.
கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது,
பாதியில் நின்றது.
நான் அவரைப் பார்த்தேன்,
அவர் மேலே பார்த்தார்.

கண் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டிருந்தது:
மழை, குடை, காற்றில் நின்ற கை.
அந்தப் படத்துக்கு எந்தப் பொத்தான் என்று
யாராவது என்னைக் கேட்டால்
நாலு சென்னுக்கும்
எனக்குச் சொல்லத் தெரியாது.